என் அக்காவின் ஜபஊகழகம்

"எனக்குத் தெரியாது" என்ற இரண்டு வார்த்தைகளைச் சொல்ல எனக்கு இருபத்து மூன்று வயதுவரை தெரியாது. யார் எதைக் கேட்டாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, "அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல" என்று ஆரம்பித்துவிடுவேன். டிவியில் ஏன் கோடு விழுகிறது, பக்கத்து வீட்டு மோட்டார் ஏன் தண்ணீர் இறைக்கவில்லை, எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. (அந்தப் பதில்கள் சரியா என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. சரியாகத்தான் இருந்திருக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன்.)

அந்த வியாதி ஒரே ஒரு காலைப்பொழுதில் குணமானது. குணப்படுத்தியவர் பெயர் ஷமீம். மைசூரின் மண்டி மொஹல்லா பேட்டையில் அச்சுக்கடை வைத்திருந்த பெண். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. என் அக்காவின் கல்யாணத்தன்று தமிழைக் காப்பாற்றியது அவர்தான். அதை நாசம் செய்தது யார் என்பதை இந்நேரம் நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். அக்கா மரியாவும் நானும் இங்கேயே பிறந்து கன்னடப் பள்ளியில் படித்தோம். வீட்டில் தமிழ் பேசுவோம். எழுத்தை அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அக்கா நன்றாகப் பிடித்துக்கொண்டாள். நான் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, வார்த்தையின் கடைசிக்கு வரும்போது அதன் முதல் எழுத்தை மறந்துவிடுகிற நிலையிலேயே நின்றுவிட்டேன். இதை வெளியே யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

அக்காவுக்கு மாப்பிள்ளை கௌதள்ளியில் கிடைத்தார். பெயர் ராயப்பன், பள்ளிக்கூட ஆசிரியர். கௌதள்ளி கர்நாடகத்தில்தான் இருக்கிறது என்றாலும் அங்கே நல்ல தமிழ் பேசுவார்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள்; எங்கள் பங்குக் கோயிலில் பூசை கன்னடத்திலோ ஆங்கிலத்திலோதான் நடக்கும். சம்பந்தி வீட்டாருக்காகக் கல்யாணப் பூசையைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா கோயிலில் கேட்டு அனுமதி வாங்கினார். பூசை வைக்க அவர்கள் ஊர்க் கோயில் சாமியாரே வருவதாக ஏற்பாடு. ஆனால் மைசூர் ஜனங்களுக்குப் பூசையில் சாமியாருக்குத் தமிழில் பதில் சொல்லத் தெரியாது, கௌதள்ளிக்காரர்கள் பாடும் பாட்டும் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தால்தான் சரிவரும்.

நிச்சயதார்த்தத்தில் இந்தப் பேச்சு வந்தபோது நான் தலையைச் சாய்த்தேன். "கம்ப்யூட்டர்லயே அடிச்சிடலாம். அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கம்ப்யூட்டர் என்று சொன்னாலே சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். சம்பந்தி அருள்தாஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பா என்னை முதன்முறையாக மகனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் அப்போது ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸில் நாலாவது மாதத்தில் இருந்தேன்.

நான் படித்த இன்ஸ்டிட்யூட்டில் ஒரே ஒரு மெஷினில் மட்டும் தமிழ் வரும். முதலாளி சென்னையிலிருந்து கொண்டுவந்து போட்டது. எந்தக் கீயைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்று சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். k தட்டினால் ம, f தட்டினால் க. ஏன் அப்படி என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பூசையையும் பாட்டையும் கையால் எழுதிக் கொடுத்த நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அட்டவணையை நிமிர்ந்து பார்த்துப் பார்த்து, இரண்டு விரலால் பதினோரு நாள் அடித்தேன். முடிப்பதற்குள் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. ஒரு நாள் அக்கா வந்து திரையிலேயே முழுதும் படித்துப் பிழை திருத்திக் கொடுத்தாள். ஆகவே கடைசியில் அதில் ஒரு தப்பும் இல்லை. இதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் நான் தப்பில்லாமல் செய்த வேலை இது ஒன்றுதான்.

இன்ஸ்டிட்யூட்டில் இருந்த பிரிண்டர் ரிப்பனில் ஊசி குத்திக் குத்தி அடிக்கிற ரகம். அதில் தமிழ் எழுத்து மழையில் நனைந்தது மாதிரி வரும். லேசர் பிரிண்டர் இருக்கிற கடைக்குக் கொண்டுபோகலாம் என்று ஃபைலை ஃப்ளாப்பியில் காப்பி செய்தேன். அந்த ஃபைலை மட்டும். எழுத்தெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது என்பது என் நம்பிக்கை.

ஷமீமின் கடை, வெங்காய மூட்டை இறக்கும் ஒரு சந்தில் இருந்தது. கீழே கடை, மேலே வீடு. அவர் அப்பா காலத்தில் ஈய எழுத்துக் கோத்து உருது கல்யாணப் பத்திரிகை அடித்த இடம். அப்பாவுக்குக் கண் மங்கியதும் ஷமீம் பி.காம். முடித்த கையோடு ஒரு கம்ப்யூட்டரும் லேசர் பிரிண்டரும் வாங்கிப் போட்டுக் கடையை எடுத்துக்கொண்டார். என் வயதுதான் இருக்கும். தலையில் துப்பட்டா, காதில் பென்சில். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் கன்னடத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஃப்ளாப்பியை நீட்டினேன். அவர் திறந்தார். திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகள் அரைப்புள்ளிகளோடு வரிவரியாக நின்றன. அக்காவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் kupah என்று இருந்தது.

என் தலை தானாகவே சாய்ந்துவிட்டது. "அது ஒண்ணுமில்ல மேடம். கோட் லாங்வேஜ். ஃபாண்ட் போட்டா சரியாயிடும்."

எந்த ஃபாண்ட் என்று அவர் கேட்டார்.

"தமிழ் ஃபாண்ட்."

"தமிழ் சரி. அதில் எது? பெயர் என்ன?"

"தமிழ்னா தமிழ்தான் மேடம். தமிழ்ல எல்லாம் ஒண்ணுதான்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். உருதுவிலும் கன்னடத்திலும் அப்படி இல்லையே, ஒவ்வொரு கம்பெனியும் எழுத்தை ஒவ்வோர் இடத்தில் வைத்திருப்பானே என்றார். தமிழ் பழைய மொழி, அதில் அந்தக் குழப்பம் எல்லாம் கிடையாது என்று சொன்னேன். (இந்த வாக்கியத்தை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.) அவர் தன்னிடம் இருந்த சிடியைத் துழாவி அதிலிருந்த ஒரே தமிழ் ஃபாண்டைப் போட்டார். நொடியில் திரை முழுக்கத் தமிழ் எழுத்து. வளைவும் சுழியுமாக அத்தனை அழகு. "பாத்தீங்களா" என்றேன், நானே கண்டுபிடித்தவன் மாதிரி.

அவர் ஒரு பிரதி எடுத்து என்னிடம் கொடுத்தார். "நல்லாப் படிச்சுப் பாருங்க. எனக்குத் தமிழ் வராது. தப்பு இருந்தா எனக்குத் தெரியாது."

இங்கேதான் என் மானம் குறுக்கே வந்தது. படிப்பதென்றால் நான் விரல் வைத்து, உதட்டை அசைத்து, கூட்டித்தான் படிக்க வேண்டும். அதுவும் இந்தப் பெண் எதிரில். ஆகவே தாளைக் கை நீட்டத்தில் பிடித்து, பெரிய ஓவியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்து, பக்கத்தைப் புரட்டி, "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன். அவர் இரண்டாம் முறையும் கேட்டார், முழுதும் படித்தீர்களா என்று. படித்தேன் என்றேன். அப்படியானால் கையெழுத்துப் போடுங்கள் என்றார். "ஓகே" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, வாலோடு ஒரு கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு மதியம் முந்நூறு புத்தகங்கள் பழுப்புக் காகிதத்தில் கட்டி வந்தன. அப்பா அந்தக் கட்டைப் பிரிக்கவிடாமல், தாலியும் ஜெபமாலையும் வைத்திருந்த பெட்டியிலேயே பத்திரமாக வைத்தார். கோயிலில் எல்லோர் முன்னாலும் நானே பிரிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பூசை. காலை ஏழரைக்கே கௌதள்ளிக்காரர்கள் இரண்டு வேனில் வந்து கோயில் பக்கத்து ஹாலில் இறங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் காப்பி கொடுத்தானதும் அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கயிறை அறுத்து, முதல் புத்தகத்தை இரண்டு கையாலும் மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் கொடுத்தேன். பெயர் செபஸ்தியான். அந்த ஊர்க் கோயிலில் சாமியாருக்குத் துணையாக ஜெபம் நடத்தும் உபதேசியார். பாட்டெல்லாம் அவர் தலைமையில்தான்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

"ஏனுங்க தம்பி, இதென்னங்க... ஜப... ஊ... கழகம்?"

நான் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். 'திருமணம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஜபஊகழக;' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்கு மேலே மணமக்கள் பெயர்: 'கஉபஅஹ', 'உஹஅங;ஙட;'.

"ஜபம்னு போட்டது சரிங்க, கோயில் காரியம். கழகம் எதுக்குங்க? எந்தக் கட்சிங்க இது?" அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். உள்ளே புரட்டினால் மணமகள் என்று வர வேண்டிய இடமெல்லாம் கழகம், மணமகன் என்று வர வேண்டிய இடமெல்லாம் கழகம். புள்ளி வைக்க வேண்டிய எழுத்துக்கெல்லாம் பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி. "பொண்ணும் கழகம், மாப்பிள்ளையும் கழகம். மைசூர்ப் பக்கம் தமிழ் இப்படித்தானுங்களா?"

புத்தகம் கைக்குக் கை மாறியது. பாடகர் குழுவிலிருந்த இரண்டு பெண்கள் முதல் பாட்டை அதில் உள்ளபடியே பாடிப் பார்த்து, பாதியில் ஒருத்தி மூச்சுத் திணறி நிறுத்தினாள். ஒரு பெரியவர் இது பழைய காலத்து லத்தீன் பூசை, தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பக்கத்திலிருப்பவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து மைசூர் சொந்தக்காரர்களில் தமிழ் வாசிக்கத் தெரியாத சிலர், அச்சு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தட்டல்கள் மற்றதைவிட அதிகம் வலித்தன.

அப்பா ஒரு புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கம்வரை பார்த்தார். அவர் சத்தம் போடவில்லை.

"இதைப் படிச்சியா?"

"பாத்தேன்பா."

"படிச்சியான்னு கேட்டேன்."

அப்பா புத்தகத்தை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சம்பந்தியிடம் போய், தன்னால்தான் தப்பு நேர்ந்தது, தானே ஒரு முறை பிரித்துப் பார்த்திருக்க வேண்டும் என்றார். அருள்தாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பரவாயில்லை என்றார். ஆனால் அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை. ஊரிலிருந்து இரண்டு வேன் ஜனத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவர். நான் அந்த நோட்டுப் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு சித்தப்பாவின் ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

முதலில் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. முதலாளி சாவியோடு பெங்களூர் போயிருப்பதாகப் பக்கத்து டெய்லர் சொன்னார். அங்கிருந்து மண்டி மொஹல்லா. கடைக் கதவு மூடியிருந்தது. தட்டினேன். ஷமீம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வந்தார்.

அங்கே நான் செய்ததை இத்தனை வருடம் கழித்தும் வீட்டில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. எழுத்தில் சொல்லிவிடுகிறேன். நான் அவரைத் திட்ட ஆரம்பித்தேன். நீங்கள் தப்பாக அடித்துவிட்டீர்கள், எங்கள் வீட்டுக் கல்யாணமே போய்விட்டது என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கடைக் கணக்கு அட்டையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் 'ஓகே', அடியில் இரண்டு கோடு, வாலோடு கையெழுத்து. அதை என் முன்னால் ஆட்டிக் காட்டவில்லை. என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்காகத்தான் எடுத்தார். மேசைமேல் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டார். "எத்தனை மணிக்குப் பூசை?" என்று கேட்டார். மணி எட்டே கால்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வாயிலிருந்து அது தானாக வந்தது. "மேடம், நான் படிக்கல. எனக்குத் தமிழ் வேகமா வாசிக்கத் தெரியாது."

"எனக்குச் சுத்தமாவே தெரியாதே" என்றார். "அதனால என்ன? ரெண்டு பேருமாப் பாப்போம்."

அதற்குப் பிறகு அந்தப் பெண் செய்ததை நான் பிற்பாடு எத்தனையோ கம்ப்யூட்டர்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் முதலில் நம்புவதில்லை. அவர் ஃபாண்டை எடுத்துவிட்டு, அந்த ஆங்கிலக் குப்பையைத் திரும்பத் திரைக்குக் கொண்டுவந்தார். என் அக்கா பெயரைத் தமிழில் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். ம, ரி, யா. திரையில் kupah. அப்படியானால் k என்பது ம-வாக இருக்கலாம் என்று ஒரு பழைய பத்திரிகையின் பின்பக்கத்தில் குறித்தார். உடனே அதை நம்பவில்லை. இன்னொரு வார்த்தையைத் தேடி, "இதில் முதல் எழுத்தும் மூணாவது எழுத்தும் k. உங்க பாஷையில இது என்ன வார்த்தை? ரெண்டும் 'ம'தானா?" என்று கேட்டார்.

நோட்டுப் புத்தகத்தில் விரல் வைத்துக் கூட்டினேன். ம-ண-ம-க-ள். "ஆமா மேடம். ம, ண, மறுபடி ம."

அவர் முகம் மலர்ந்தது. ஃபைலில் எழுத்தே தப்பில்லை என்றார். கம்ப்யூட்டருக்கு ம-வும் தெரியாது, க-வும் தெரியாது, நம்பர் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு நம்பருக்கும் என்ன படம் போடுவது என்று சொல்வதுதான் ஃபாண்ட். உங்கள் இன்ஸ்டிட்யூட் ஃபாண்ட் k-யின் நம்பரில் ம-வை வைத்திருக்கிறது, என்னுடையது க-வை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நாலு மாதம் ஃபீஸ் கட்டிப் படித்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருக்கலாம். அப்போதும் நான் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்திருப்பேன்.)

இன்ஸ்டிட்யூட் பூட்டியிருப்பதைச் சொன்னேன். உங்கள் ஃபாண்ட் கிடைக்காது என்றால், என் ஃபாண்டுக்குத் தகுந்தபடி நம்பர்களை மாற்றிவிடுவோம் என்றார். கம்ப்யூட்டரிடம் k இருக்கும் இடமெல்லாம் m போடு என்று ஒரே கட்டளையில் சொல்ல முடியும். அவருடைய ஃபாண்டில் ம இருப்பது m-இல்.

இவ்வளவு புரிந்ததும் என் பழைய வியாதி தலைதூக்கியது. "நகருங்க மேடம், இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல" என்று கீபோர்டை இழுத்தேன். k எல்லாவற்றையும் m ஆக்கினேன். அடுத்து அ. அது ஃபைலில் m-ஆக இருந்தது, அவருடைய ஃபாண்டில் a. ஆகவே m எல்லாவற்றையும் a ஆக்கினேன். ஒரு விநாடி முன்னால் ம-வுக்காக நானே போட்ட m-களும் அதோடு சேர்ந்து a ஆகிவிட்டன. புத்தகத்தில் இருந்த எல்லா ம-வும் அ-வோடு கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் போனது. திரும்பக் கொண்டுவரலாம் என்று எதையோ தட்டினேன். மெஷின் அசையாமல் நின்றுவிட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீரே வந்தது. ஷமீம் மெஷினை நிறுத்தித் திரும்பப் போட்டார். இன்னொரு ஃபைலைத் திறந்தார். நான் கீபோர்டைத் தொடும் முன்பே ஒரு காப்பி எடுத்து வைத்திருந்தார்.

"எப்ப எடுத்தீங்க?"

"நீங்க 'பெரிய விஷயம் இல்ல'ன்னு சொன்னப்போ."

இந்த முறை அவர் வேறு வழியில் போனார். எதையும் நேராக இன்னோர் எழுத்தாக மாற்றவில்லை. முதலில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண், இரண்டு பக்கமும் ஒரு குறி. k எல்லாம் ஒன்று, z எல்லாம் இரண்டு, இப்படி. எல்லாமே எண்ணாகி முடிந்த பிறகுதான், ஒவ்வோர் எண்ணையும் புது எழுத்தாக்குவது. அப்படிச் செய்தால் பழையதும் புதியதும் முட்டிக்கொள்ளாது. இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் கண் முன்னால், ஒரு நிமிடம் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்து, அங்கேயே கண்டுபிடித்தார்.

நான் எழுத்தைச் சொல்ல, அவர் குறித்துக்கொண்டு மாற்ற, எழுபதுக்கு மேல் கீ. அவருடைய ஃபாண்டில் எந்தப் படம் எந்த எழுத்து என்பதையும் நான்தான் சொல்ல வேண்டும். ற-வுக்கும் ர-வுக்கும் நான் தடுமாறியபோது அவர் அவசரப்படுத்தவில்லை. கொம்பு எந்தப் பக்கம், சுழி எத்தனை என்று படத்தைப் பார்த்தே கேட்டார். இரண்டு சுழி ன-வையும் மூன்று சுழி ண-வையும் நான் மாற்றிச் சொன்னபோது, "இல்ல, இதுக்கு ஒரு சுழி அதிகமா இருக்கு பாருங்க" என்று தமிழே தெரியாதவர் என்னைத் திருத்தினார். ஒன்பதே கால் மணிக்கு அக்காவின் கல்யாணப் பூசை முழுக்க வெறும் எண்களாக நின்றது. வாழ்க்கையில் நான் மனப்பூர்வமாக ஜெபம் செய்த நேரம் அது. பிறகு எண்கள் ஒவ்வொன்றாகத் தமிழாகத் தொடங்கின. பத்து மணிக்கு முதல் பக்கத்தில் 'மரியா' என்று வந்தது. அடுத்து 'திருமணம்'.

"இப்பப் படிங்க" என்றார் ஷமீம். "சத்தமா. நான் நோட்டைப் பாத்து எழுத்து எழுத்தாச் சரிபாக்கறேன்."

படித்தேன். உதட்டை அசைத்து, விரல் வைத்து, கூட்டி, ஒரு பக்கம் விடாமல். அவர் சிரிக்கவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்த அவருடைய அப்பா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தெரியாத பாஷையில் தெரியாத ஜெபத்தை அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முந்நூறுக்கு நேரமில்லை. நூறு பிரதிதான் ஜெராக்ஸ் எடுக்க முடிந்தது. நான் ஸ்கூட்டரில் முன்னால் போக, ஷமீம் சூடு ஆறாத தாள்களோடு ஆட்டோவில் வந்தார், ஸ்டேப்ளரை மடியில் வைத்து வழியெல்லாம் பின் அடித்துக்கொண்டே. நாங்கள் கோயில் வாசலில் இறங்கியபோது அக்கா கார் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஷமீமின் கையிலிருந்து ஒரு புத்தகத்தை வாங்கி, கல்யாணப் புடவையோடு நின்ற இடத்திலேயே முதல் பக்கத்தைப் படித்தாள். பிறகு அவர் கையை இறுகப் பிடித்தாள். சாமியார் காத்திருக்கிறார் என்று யாரோ வந்து சொல்லும்வரை விடவில்லை.

மூன்று பேருக்கு ஒரு புத்தகம் என்று கொடுத்தோம். உபதேசியார் செபஸ்தியான் கண்ணாடியைப் போட்டு அட்டையைப் பார்த்து, ஒரு முறை என்னைப் பார்த்து, தலையசைத்துப் பாட்டை எடுத்தார். கௌதள்ளி ஜனம் முழுதும் ஒரே குரலில் சேர்ந்துகொண்டது. எங்கள் கோயிலின் ஓட்டுக்கூரை அதற்கு முன் அப்படித் தமிழ் கேட்டதில்லை. ஷமீம் கடைசி வரிசையில், துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டு உட்கார்ந்து, கையிலிருந்த புத்தகத்தில் அவர்கள் எந்த வரியைப் பாடுகிறார்கள் என்று விரலால் தேடிக்கொண்டிருந்தார். தான் கோத்த எழுத்து என்ன சத்தம் போடுகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை. அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் மோதிரத்தை எடுத்துக்கொடுக்க மறந்து, அப்பா இரண்டு முறை கனைக்க வேண்டியிருந்தது.

ஒரே ஒரு தப்பு மிஞ்சியது. குறிகள் இருந்த கீகளில் ஒன்றை அவசரத்தில் நாங்கள் இருவருமே விட்டுவிட்டோம். ஸ அங்கே இருந்தது. அதனால் சம்பந்தி அருள்தாஸின் பெயர் கடைசியில் ஓர் அடைப்புக்குறியோடு, அந்தக் குறியின் தலையில் ஒரு புள்ளியோடு முடிந்தது. அவர் அதைப் பார்த்துக் கோபப்படவில்லை. கம்ப்யூட்டரில் பெயர் வந்தால் அப்படித்தான் வரும் என்று நினைத்து, அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

கல்யாணம் முடிந்த மறுவாரம் நான் மண்டி மொஹல்லா போய், எனக்கு ஒன்றும் தெரியாது, உங்கள் கடையில் வேலை பார்க்கலாமா என்று ஷமீமைக் கேட்டேன். மூன்று வருடம் பார்த்தேன். அந்தக் காலத்தில் எத்தனை ஃபாண்ட் உண்டோ அத்தனைக்கும், எந்த நம்பரில் எந்த எழுத்து என்று நாங்கள் போட்ட அட்டவணை கடைச் சுவரில் கூரைவரை போனது. வெளியூர் அச்சகங்களிலிருந்துகூட 'எழுத்து மாறிப்போச்சு' என்று ஃப்ளாப்பியோடு வருவார்கள். ஷமீம் திரையைப் பார்த்த மாத்திரத்தில் இது எந்த ஃபாண்ட் என்று சொல்வார், அது எந்த மொழியாக இருந்தாலும். இன்று அவருக்குச் சொந்தமாகப் பெரிய அச்சகம் இருக்கிறது. என்னைவிடக் கெட்டிக்காரர் என்று நான் சந்தோஷமாக ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவர். அதன்பிறகு அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

வீட்டில் அந்த முந்நூறு புத்தகங்களும் வீணாகவில்லை. மச்சான் ராயப்பன் அக்காவை இன்றைக்கும் 'கஉபஅஹ' என்றுதான் கூப்பிடுகிறார். இருவருக்கும் சண்டை வந்தால் பிள்ளைகள் எனக்குப் போன் செய்து, கழகம் உடையப்போகிறது, உடனே வரவும் என்கிறார்கள். யாருக்காவது வரன் பார்த்தால் கழகத்தில் புது உறுப்பினர் என்று பெயர்.

எனக்கு மட்டும் அப்பா ஒரு சட்டம் போட்டார். அச்சடித்த எந்தத் தாளும் என் கை வழியாக வீட்டுக்குள் வந்தால், நான் அதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்க வேண்டும். என் சொந்தக் கல்யாணப் பத்திரிகையைக் கூடத்தில் நின்றுகொண்டு இருபது பேருக்கு, அச்சக முகவரிவரை படித்தேன். மளிகைக்கடை நோட்டீஸ், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் சீட்டு, பஞ்சாங்க நாட்காட்டியின் பின்பக்கம் எதையும் விட்டதில்லை. நடுவில் ஒரு வரியைத் தாண்டினால் போதும், அப்பாவில் ஆரம்பித்து அக்காவின் கடைசிப் பெண்வரை எல்லோரும் ஒரே குரலில் கேட்பார்கள்: "படிச்சியா?"

இப்போது எனக்குத் தமிழ் தங்குதடையில்லாமல் வாசிக்க வருகிறது. வேறு வழி இருக்கவில்லை.